முதுகுத்தண்டில் மார்ஃபின்: வார்டில் எங்களை நிறுத்திக் கேட்கும் கேள்விகள்

வலி கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மார்ஃபின் என்பது ஓபியத்திலிருந்து எடுக்கும் பலமான வலி மருந்து. "முதுகுல மார்ஃபின் வைக்கலாம்னு டாக்டர் சொல்றார், வைக்கலாமா சிஸ்டர்?" என்று தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்பார்கள். கையில் டிரேயோடு நின்றபடி ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முதுகில் போடுகிறார்கள் என்றால் சரியாக எங்கே? தண்டுவடத்தையே குத்துகிறார்களா?

இல்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது குதிரை வால் மாதிரி தொங்கும் நரம்புக் கற்றைகளும் அவற்றைச் சுற்றிய நீரும்தான். ஊசி பெரும்பாலும் அந்த மட்டத்துக்குக் கீழேதான் போகிறது. அந்த நரம்புகளும் ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

இதில் இரண்டு வகை உண்டு, வார்டில் எல்லோரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். தண்டுவடத்தைச் சுற்றி ஒரு நீர்ப்பை இருக்கிறது. அந்தப் பையின் தடித்த உறைக்கு வெளியே, கொழுப்பும் ரத்தக்குழாய்களும் இருக்கிற இடைவெளியில் மருந்தை விட்டால் அது எபிடூரல். உறையைத் தாண்டி நீருக்குள்ளேயே விட்டால் அது ஸ்பைனல், பம்ப் (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட உடம்புக்குள் வைக்கும் கருவி) வைக்கும் டாக்டர்கள் இன்ட்ராதீக்கல் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு உறைதான், ஆனால் மருந்தின் அளவு பத்து மடங்கு மாறும். அதனால் "முதுகுல ஊசி போட்டாங்க" என்பதோடு விட்டுவிடாமல் எபிடூரலா ஸ்பைனலா என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையாகவே கொடுக்கலாமே, எதற்கு இவ்வளவு கஷ்டம்?

பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும், அதுதான் முதலில். மாத்திரை ஏன் சிலருக்குப் போதவில்லை என்பதுதான் விஷயம்.

மார்ஃபினை விழுங்கினால் அது குடல், கல்லீரல், ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றி, அதில் கொஞ்சம்தான் தண்டுவடத்துக்கு வந்து சேரும். ஆனால் வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதற்கு முன்னால் கைமாறும் இடம் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது, மார்ஃபின் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் அங்கே நிறைய. உடம்பில் அப்படிப்பட்ட வாங்கிகள் இருப்பதே 1973-இல்தான் சோதனைச்சாலையில் உறுதியானது. மூன்றே வருஷத்தில், 1976-இல், யாக்ஷ், ரூடி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் தண்டுவட நீரில் நேரடியாக மருந்தை விட்டு, வலி அங்கேயே தடுக்கப்படுவதைக் காட்டினார்கள். 1979-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் புற்றுநோயாளிகளுக்கு அதையே செய்து பார்த்தார்கள், வேலை செய்தது.

எங்கள் வார்டுச் சுவரில் ஒரு கணக்கு ஒட்டியிருக்கிறது: வாய்வழி 300 மி.கி., ரத்தக்குழாயில் 100, எபிடூரலில் 10, ஸ்பைனலில் 1. ஒரே அளவு வலி நிவாரணத்துக்கு இவை ஏறத்தாழ சமம். இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும், இதை வைத்துக் கணக்குப் போட்டு அப்படியே மருந்தை மாற்றிவிட முடியாது. ஆனாலும் 300-க்குப் பதில் 1 என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். மாத்திரையில் நாள் முழுக்கத் தூங்கி வழிந்துகொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு, பத்து நாள் மலம் போகாமல் கிடந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேசுகிறார் என்றால் அது இந்த அளவுக் குறைவால்தான். இந்த முறையின் பயங்கரமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாத்திரையில் 1 மி.கி. கூடிவிட்டால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இங்கே 1 மி.கி. கூடுவது ஒரு முழு டோஸ் கூடுவதற்குச் சமம்.

சிசேரியனுக்கு எனக்கும் முதுகில் போட்டார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஊசி போகும் வழி ஒன்றுதான். சிசேரியனில் காலை மரத்துப்போகச் செய்வது புபிவகெய்ன் என்ற மருந்து, அது மார்ஃபின் வகை இல்லை. அதோடு கூட சில இடங்களில் 100 முதல் 150 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்ப்பார்கள், அதாவது ஒரு மி.கி.-இல் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். கால் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும், ஆனால் வெட்டுக்காயத்தின் வலி அந்தத் துளி மார்ஃபினால் 18 முதல் 24 மணி நேரம் வரைக்கும் அடங்கியிருக்கும். மார்ஃபின் தொடு உணர்ச்சியையோ கால் பலத்தையோ எடுப்பதில்லை என்பதால் தாய் எழுந்து நடக்கலாம். இவ்வளவு சின்ன அளவில் தாய்ப்பாலுக்குப் போவது மிகமிகக் குறைவு, பால் கொடுக்கலாம். மார்ஃபினுக்குப் பதில் ஃபெண்டனில் சேர்த்திருந்தால் அது சீக்கிரம் வேலை செய்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஃபெண்டனில் கொழுப்பில் கரையும், விட்ட இடத்திலேயே நரம்புக்குள் ஊறிப் போய்விடும். மார்ஃபின் நீரில் கரையும், தண்டுவட நீரோடு கலந்து மெதுவாக மேலே ஏறும். நீண்ட நேரம் வலி அடங்குவது அதனால்தான், அடுத்த கேள்வியில் வரும் ஆபத்தும் அதனால்தான்.

எல்லோரும் மூச்சு நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

அரிது, ஆனால் உண்மை. மார்ஃபின் மேலே ஏறி ஏறி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டு வரை போய்விட்டால் மூச்சு மெதுவாகிவிடும். ஊசி போட்ட உடனே இது நடந்தால் பக்கத்தில் டாக்டர் இருப்பார். ஆனால் இது பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து வரும், சில சமயம் அதற்கும் தாமதமாக. பகல் பதினோரு மணிக்கு ஊசி போட்டால் ஆபத்தான நேரம் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரை. விசிட்டர்கள் போய், லைட் அணைத்து, வார்டே அமைதியாகிவிட்ட நேரம்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த விளக்கத்தையும் விட அது நன்றாகப் புரியும். கணையப் புற்றுநோய், அறுபது தாண்டிய பெரியவர், மூன்று ராத்திரி தூங்கவே இல்லை. அன்று மத்தியானம் முதுகில் முதல் டோஸ் பார்த்தார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு நான் ரவுண்ட்ஸ் போகும்போது அவர் மகன் வாசலிலேயே நிறுத்தி, "சிஸ்டர், அப்பா இப்பதான் அசந்து தூங்குறார், எழுப்பாதீங்க, ப்ளீஸ்" என்றார். கண்ணில் தண்ணீர். நியாயம்தானே. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரில் 97 காட்டுகிறது, மூக்கில் ஆக்ஸிஜன் ஓடுகிறது, குறட்டை வருகிறது, எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் இருந்தது. நான் வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். ஏழு. மிகக் குறைவு. கூப்பிட்டேன், திறக்கவில்லை. தோளைத் தட்டினேன், கண்ணைப் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டார். மார்ஃபினை முறிக்கும் நாலோக்சோன் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ராத்திரி முழுக்க ஐசியுவில் வைத்துப் பார்த்தோம். மறுநாள் காலையில் இட்லி கேட்டார்.

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிமீட்டர் எண் நம்மை ஏமாற்றும், மூச்சு குறைந்து கரியமில வாயு சேர்ந்துகொண்டிருந்தாலும் அது கொஞ்ச நேரம் 97 என்றே காட்டும். மூச்சு எண்ணிக்கை விழுவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் தூக்க மயக்கம் கூடிவிடும், எழுப்பினால் சட்டென்று எழுந்து பதில் சொல்கிறாரா என்பதுதான் நல்ல சோதனை. அப்புறம், நாலோக்சோன் மார்ஃபினை விடச் சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒரு ஊசியில் எழுந்துவிட்டார் என்று விட்டுவிட முடியாது.

பொதுவான வழிகாட்டுதல், ஸ்பைனல் மார்ஃபின் போட்டால் முதல் 12 மணி நேரம் மணிக்கொரு முறையும் அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறையும் மூச்சையும் மயக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பது. இளம் வயது, ஆரோக்கியமான தாய், மிகக் குறைந்த டோஸ் என்றால் இதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். வயதானவர், பருமனானவர், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர், ஏற்கெனவே தூக்க மாத்திரை அல்லது நரம்பு வலி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தளர்த்தவே கூடாது. எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "இன்னிக்கு ராத்திரி இவரை யார் பார்ப்பாங்க, எத்தனை மணிக்கொரு தடவை?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எனக்கு அது பெரிய விஷயம்.

மூக்கும் முகமும் அரிக்கிறது என்கிறார். அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. முதுகில் மார்ஃபின் போட்டவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பிரசவமான பெண்களுக்கு, மூக்கு நுனியும் முகமும் கழுத்தும் அரிக்கும். தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு எதுவும் இல்லாமல் அரிப்பு மட்டும் இருந்தால் அது மருந்து நரம்பில் செய்யும் வேலை. வழக்கமாக அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசி இதில் பெரிதாக உதவாது, தூக்கத்தை மட்டும் கூட்டும். மேலே சொன்ன கதைக்கு அப்புறம் தூக்கத்தைக் கூட்டுவது ஏன் நல்லதில்லை என்று சொல்லவேண்டியதில்லை. வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானோ மிகச் சிறிய அளவு நாலோக்சோன் வகை மருந்தோ கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் தானே போய்விடும்.

வேறு என்னென்ன தொந்தரவு உடனடியாக வரும்?

வாந்தி வரும். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும், ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம், அடிவயிறு உப்பிக்கொண்டு அவஸ்தைப்படுவார்கள், சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருப்பார்கள், நீங்களாகக் கேளுங்கள். மலச்சிக்கல், மாத்திரையில் வருவதை விடக் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்லமாட்டேன்.

தலைவலி வருமாமே?

நீர்ப்பையில் ஓட்டை போட்டால் கொஞ்சம் நீர் கசியும், கசிந்தால் உட்கார்ந்தாலோ நின்றாலோ தலை பிளக்கும், படுத்தால் அடங்கும். இந்தத் தலைவலியை உலகத்தில் முதலில் எழுதி வைத்தவர்கள் அனுபவித்தவர்களேதான். 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை சிகிச்சை டாக்டரும் அவருடைய உதவியாளரும் ஸ்பைனல் ஊசியைத் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தார்கள். உதவியாளருக்குக் கால் மரத்துப்போனதா என்று பார்க்க முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்துக்கூடப் பார்த்தார்கள், வலிக்கவில்லை, சந்தோஷமாகச் சாப்பிட்டு ஒயின் குடித்துச் சுருட்டும் பிடித்தார்கள். அப்புறம் பியருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் எழுந்திருக்க முடியாத தலைவலி. இப்போது ஊசி மிக மெல்லியது, அதனால் குறைவு. படுக்கை, நீர், காபி, வலி மாத்திரை இவற்றில் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து எபிடூரல் இடைவெளியில் விட்டு ஓட்டையை அடைப்பார்கள்.

மார்ஃபினா? எங்கள் அப்பா அடிமையாகிவிடுவாரே!

பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கேட்பது இதுதான், நான் வேண்டுமென்றே நடுவில் வைத்தேன். உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, மனசு அடிமையாவது வேறு. பழகிவிட்டால் திடீரென்று நிறுத்தினால் வேர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும், அது யாருக்கும் வரும். வலி இருக்கும் புற்றுநோயாளி வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் எடுப்பதை அடிமைத்தனம் என்று சொல்லமாட்டோம். பம்ப் வைத்த பிறகு மருந்தைக் கூட்டும் ரிமோட் உங்கள் கையில் இருந்தாலும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்தலாம் என்று டாக்டர் பூட்டி வைத்திருப்பார்.

அப்பாவுக்கு ஆறு மாதம்தான் என்று சொல்லிவிட்ட பிறகும் அடிமையாகிவிடுவாரோ என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோபம் வராமல் இருக்க நிறையப் பழக வேண்டியிருந்தது.

பம்ப் என்றால் என்ன? எப்படி இருக்கும்?

ஒரு இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே வட்டம், அதே தடிமன், ஆனால் டைட்டானியத்தில். அதை அடிவயிற்றில் தோலுக்கடியில் ஒரு பை செய்து வைப்பார்கள். அதிலிருந்து நூடுல்ஸ் மாதிரி மெல்லிய குழாய் ஒன்று, கதீட்டர் என்பார்கள், தோலுக்கடியிலேயே இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போய் நீர்ப்பைக்குள் இறங்கும். உள்ளே 20 அல்லது 40 மில்லி மருந்து பிடிக்கும். அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகக்கூடச் சொட்டவிடும். எவ்வளவு விடுவது, எந்த நேரத்தில் கூட்டி விடுவது என்பதை வெளியிலிருந்தே ஒரு கருவி வைத்து மாற்றலாம். பேட்டரி ஏறத்தாழ 5 முதல் 7 வருஷம் வரும், அப்புறம் பம்பையே மாற்ற வேண்டும். இந்த மாதிரி புரோகிராம் செய்யும் பம்புக்கு அமெரிக்காவில் 1991-இல் அனுமதி கிடைத்தது.

ஒல்லியானவர்களுக்கு அந்த இடம் வெளியே தெரியும். எங்களிடம் வந்த ஒரு அம்மா புடவைக் கொசுவம் சொருகும் இடத்துக்கு நேராக வந்துவிட்டது என்று ஒரு மாதம் புலம்பினார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நிற்கவைத்து, உட்காரவைத்து, புடவை அல்லது வேட்டி கட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேராகப் பம்பை வைத்துவிடுவார்களா?

கூடாது. முதலில் சோதனை: ஒரு ஊசியோ, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தற்காலிகக் குழாயோ வைத்து வலி பாதியாவது குறைகிறதா, தொந்தரவு தாங்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். குறையவில்லை என்றால் பம்ப் வேண்டாம். சோதனையே இல்லாமல் பம்ப் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். நாள்கள் மிகக் குறைவு என்று தெரிந்துவிட்ட கடைசி நிலையில் மட்டும் சிலர் சோதனையைத் தவிர்ப்பார்கள், அதிலும் பெரும்பாலும் பம்ப் இல்லாமல் வெறும் குழாயோடு முடித்துக்கொள்வார்கள்.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரியானவை இருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை நசுக்கலாம், கால் விளங்காமல் போகும் அளவுக்கு. எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். முதுகுத் தோலில் புண், உடம்பில் காய்ச்சலோடு தொற்று, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைவு, மூளையில் அழுத்தம் என்றாலும் தள்ளிப்போடுவார்கள் அல்லது விட்டுவிடுவார்கள்.

இதனால் பயன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன?

புற்றுநோய் வலிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 202 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நல்ல மருந்து சிகிச்சை மட்டும், மறு பாதிக்கு அதோடு பம்பும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் வலி பம்ப் பக்கத்தில் சராசரியாக 52 சதவீதம் குறைந்தது, மறுபக்கத்தில் 39. வலியில் இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மருந்தின் தொந்தரவுகள், அதாவது தூக்கம், களைப்பு, குழப்பம் இதெல்லாம், பம்ப் பக்கத்தில் 50 சதவீதம் குறைந்தது, மறுபக்கத்தில் 17 மட்டுமே. என் கணக்கில் உண்மையான லாபம் இதுதான், வலி குறைந்த நேரத்தில் மனிதர் விழித்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்களும் பம்ப் பக்கத்தில் அதிகம், 54-க்கு 37 சதவீதம், ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், அதனால் "பம்ப் வைத்தால் ஆயுசு கூடும்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

புற்றுநோய் இல்லாத நாள்பட்ட முதுகுவலிக்கு இதை வைப்பது பற்றி டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. முப்பத்தைந்து வயசுக்காரர் இன்னும் நாற்பது வருஷம் வாழப்போகிறார், அவருக்கு இதை வைப்பது கடைசிப் படி. பிசியோதெரபி, மற்ற மருந்துகள், மற்ற ஊசிகள் எல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

வருஷக்கணக்கில் வைத்திருந்தால் என்ன ஆகும்?

மருந்து தொடர்ந்து ஒரே இடத்தில் இறங்குவதால் கதீட்டர் நுனியில் ஒரு அழற்சிக் கட்டி வளரலாம், கிரானுலோமா என்பார்கள். புற்றுக்கட்டி இல்லை, ஆனால் தண்டுவடத்தை அழுத்தும். அடர்த்தி அதிகமான மார்ஃபின் அதிக நாள் போனவர்களுக்கு வாய்ப்பு கூட. அறிகுறி ஏமாற்றும்: முதலில் வலி திரும்ப வரும், "மருந்து பத்தல" என்று நினைத்து டோஸைக் கூட்டுவார்கள், கூட்டக்கூட கட்டி வளரும். பிறகு நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல் வலி, கால் மரப்பு, செருப்பு தானே நழுவி விழுவது. டோஸ் கூட்டியும் வலி கூடிக்கொண்டே போனால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: ஹார்மோன். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து ஆசை போய்விடும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடலாம். "நோயினால இருக்கும்" என்று தம்பதிகள் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியும், சிகிச்சையும் உண்டு. கால் வீக்கமும் சிலருக்கு வரும்.

ரீஃபில் எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா?

ஒரு ஊசிக் குத்துதான். டோஸைப் பொறுத்து மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ. பம்பின் நடுவில் ரப்பர் மூடி போட்ட துளை இருக்கிறது, விரலால் பம்பின் விளிம்பைத் தடவி, மேலே ஒரு அச்சுத்தகட்டை வைத்து அந்தத் துளையைக் கண்டுபிடித்து, தோல் வழியாக ஊசியை இறக்குவோம். ஊசி அடித்தகட்டில் தட்டுவது கைக்குத் தெரியும். முதலில் மிச்சம் இருக்கும் பழைய மருந்தை முழுக்க உறிஞ்சி அளப்போம். கருவி நாலு மில்லி மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது, வந்ததும் நாலு மில்லி என்றால் சரி. ஒன்பது வந்தால் மருந்து போகவில்லை, பம்ப் நின்றிருக்கிறது அல்லது கதீட்டர் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணை உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய ஆபத்து, ஊசி பம்புக்குள் போகாமல் பக்கத்துச் சதையில் இறங்கி, ஒரு மாத மருந்தும் தோலுக்கடியில் போய்விடுவது. பழகாத கை, அவசரம், பம்ப் உள்ளே திரும்பியிருப்பது, இதெல்லாம் காரணம். ரீஃபில் முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்காரவைத்துப் பார்ப்பார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பம்ப் பீப் பீப் என்று சத்தம் போட்டாலும் அப்படியே. மருந்து தீரப்போகிறது, பேட்டரி முடிகிறது, மோட்டார் நின்றுவிட்டது, ஏதோ ஒன்று. ஒரு வீட்டில் நாலு நாள் செல்ஃபோன் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சல் வந்தால்?

சாதாரண சளிக்காய்ச்சல் எல்லோருக்கும் வரும். ஆனால் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுவது, பம்ப் இருக்கும் இடம் சிவந்து சூடாவது இருந்தால் மூளை உறையில் தொற்று இருக்கலாம், ஒரு ராத்திரி பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

வேறு மருந்தும் அதே பம்பில் விடலாமா?

மார்ஃபின் மட்டும் போதாதபோது புபிவகெய்ன், க்ளோனிடின் மாதிரி சேர்ப்பது நடைமுறையில் உண்டு. ஆனால் பம்புக்கென்று அனுமதி பெறாத கலவைகள் பம்பின் உள்பாகங்களைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. என்ன கலந்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று முக்கியம்: முதுகில் போகும் மார்ஃபினில் பாதுகாப்பு ரசாயனம் கலந்திருக்கக் கூடாது. கையிலோ ரத்தக்குழாயிலோ போடும் எல்லா மார்ஃபின் ஊசியையும் எடுத்து முதுகில் போட்டுவிட முடியாது, அந்த ரசாயனங்கள் நரம்பை எரிக்கும்.

கடல் நத்தையின் விஷத்திலிருந்து வந்த ஸிகோனோடைடு என்ற மருந்தும் இருக்கிறது, 2004-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அது மார்ஃபின் வகையே இல்லை, மூச்சை அடக்காது, ஆனால் மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம்.

எம்ஆர்ஐ, விமானம், சுடுநீர்?

எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் பம்ப் இருப்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காந்தத்துக்குள் மோட்டார் தற்காலிகமாக நின்று வெளியே வந்ததும் ஓடும் ரகங்கள் உண்டு, ஓடுகிறதா என்று எடுத்து முடித்தவுடன் பார்க்க வேண்டும். விமான நிலையத்தில் பம்ப் அட்டையைக் காட்டினால் போதும். பிசியோதெரபியில் கொடுக்கும் டயாதெர்மி சூடு கூடாது. நீராவிக் குளியல், ஆழ்கடல் டைவிங் வேண்டாம். வீட்டில் சாதாரண வெந்நீர்க் குளியல் பரவாயில்லை.

இந்தியாவில் கிடைக்குமா? செலவு?

பம்ப் வெளிநாட்டிலிருந்து வருவது, ஆபரேஷனோடு சேர்த்துப் பல லட்சம் ஆகும், பெரிய ஊர்களில் சில இடங்களில்தான் வைக்கிறார்கள், இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்பதை முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஆயுள் சில வாரமோ சில மாதமோ என்றால் பம்பே தேவையில்லை. எபிடூரலிலோ நீர்ப்பையிலோ ஒரு கதீட்டரை வைத்து, தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி கொண்டுவந்து விலாப்பக்கம் மருந்து செலுத்துவதற்கான ஒரு சின்ன போர்ட்டில் முடித்து, வெளியிலிருந்து மருந்து கொடுக்கலாம். செலவு மிகக் குறைவு, தொற்று ஆபத்து கூட, அதனால் கட்டு மாற்றும் ஆள் கையைச் சோப்பு போட்டுக் கழுவுகிறாரா என்பதுதான் எல்லாமே.

இதில் ஒரு கசப்பு உண்டு. சட்டபூர்வமாக ஓபியம் விளைவிக்கும் நாடு நம்முடையது, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க லைசென்ஸோடு கசகசாச் செடி பயிராகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின், ஃபெண்டனில் உட்பட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே எளிய நடைமுறை கொண்டுவந்தார்கள். அதற்காகப் பல வருஷம் மல்லுக்கட்டியவர்களில் திருவனந்தபுரத்தில் உள்ள பாலியம் இந்தியா என்ற வலி நிவாரண அமைப்பின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முக்கியமானவர். இன்னமும் சில ஊர்களில் மார்ஃபின் மாத்திரைக்கே அலைய வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் மாத்திரையே ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமல் பம்ப் பற்றிப் பேசினால், முதலில் ஒரு வலி நிவாரணப் பிரிவைத் தேடுங்கள், பலருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

பம்போடு இருக்கும்போது அவர் இறந்துவிட்டால்?

கேட்கத் தயங்குவார்கள், ஆனால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். எரிப்பதாக இருந்தால் பம்பை எடுத்தே ஆக வேண்டும், பேட்டரி சூட்டில் வெடிக்கும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே எடுத்துத் தையல் போட்டுத் தருவார்கள், கால் மணி நேர வேலை. வீட்டில் இறந்தால் சடங்கு தொடங்கும் முன்னால் பம்ப் வைத்த பிரிவுக்கு ஒரு ஃபோன் பண்ணுங்கள், என்ன செய்வது என்று சொல்வார்கள். உள்ளே மிச்சம் மார்ஃபின் இருக்கும் என்பதால் எடுத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதைப்பதாக இருந்தால் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் அந்தப் பிரிவுக்குச் சொல்லிவிட்டால் மருந்து ஓடுவதை நிறுத்திவிடுவார்கள்.